காரணம்மா எழுதிய பத்தி

எங்கள் ஆபீஸில் முதலில் ஆள் போவார். அவர் ஏன் போனார் என்பதைப் பிறகுதான் யோசிப்போம். மனிதர்கள் காரணத்தோடுதான் காரியம் செய்கிறார்கள் என்று நம்புகிறவர்கள், தொலைக்காட்சித் தொடர் எடுக்கிற இடத்துக்கு ஒரு நாள் வந்து பார்க்கட்டும். மூத்த மருமகளாக நடிக்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. சித்தப்பாவாக நடிக்கிறவர் மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொள்கிறார். கதாநாயகிக்கு வெளியூரில் ஒரு படம் கிடைக்கிறது. தயாரிப்பாளர் போனில் கூப்பிட்டு, "திங்கக்கிழமையிலேர்ந்து அந்தப் பொண்ணு கிடையாது. ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த ‘ஏதாவது’வைப் பண்ணுகிறவள்தான் காரணம்மா.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஆபீஸில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. டீ கொண்டுவருகிறவர் முதல் தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் காரணம்மா. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, ரப்பர் வாடை வருகிற அறை, ஜன்னலோரம் அவள் மேஜை, எதிரே என் மேஜை. நான் வசனம். ஒரு பாத்திரம் வாய் திறந்து என்ன பேசுகிறது என்பது என் பொறுப்பு. வாய் திறக்கும் முன்பு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது அவள் பொறுப்பு.

அதற்கு ஒரு பத்திதான் கேட்பார்கள். இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, அதனால் என்ன செய்கிறாள். அந்தப் பத்தி கையில் இல்லாமல் இயக்குநர் கேமராவை வைக்கமாட்டார். "அவ ஏன் வீட்டை விட்டுப் போறான்னு தெரியாம மூஞ்சியில என்னத்த வைக்கச் சொல்றது?" என்று கத்துவார். நியாயம்தான். காரணம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியிலேயே காலை மடக்கி உட்காருவாள். டீ ஆறுவதற்குள் பத்தி தயாராகிவிடும். அடித்தல் திருத்தல் இருக்காது. படித்தால், அடடா இவள் இதற்காகத்தான் போகிறாள், பாவம், என்று நமக்கே தோன்றும். போகிறவள் நிஜத்தில் பிரசவத்துக்குப் போகிறாள் என்பது மறந்துவிடும்.

அவளுக்கு ஒரு தொழில் ரகசியம் இருந்தது. ரகசியம் என்ன ரகசியம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். "காரணம்னா கழட்டி எடுக்கிற மாதிரி இருக்கணும் அண்ணே" என்பாள். அவளுக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்த புண்ணியவான் ஒரு மாமாவை லாரியில் அடிபட்டுச் சாக வைத்துவிட்டார். மூன்றே மாதத்தில் அந்த நடிகர் திரும்பி வந்து வாசலில் நின்றார். வேறு வழியில்லாமல் மீசை வைத்து இரட்டைச் சகோதரராக இறக்கினோம். பார்க்கிறவர்கள் காறித் துப்பினார்கள். காரணம்மா வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. யார் எந்தக் காரணத்துக்காகப் போனாலும், அந்தக் காரணத்தைத் திருகாணி மாதிரி ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். தப்பாகப் புரிந்துகொண்டாள், இப்போது சரியாகப் புரிந்துகொண்டாள். கூடாது என்றான், இப்போது ஆகட்டும் என்கிறான். அவ்வளவுதான். ஆள் மறுபடி வீட்டுக்குள்.

அவள் புருஷன் பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவர். ஒரு காலை சட்டை பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். நாலைந்து நாளில் அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அந்த வாரம் தொடரில் ஒரு பெண் புருஷன் செத்ததாகச் செய்தி வந்தும் அழாமல் இருக்கவேண்டும். அவள் ஏன் அழவில்லை என்று ஒரு பத்தி வேண்டும். கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை. அவளே கேட்டு வாங்கி எழுதினாள். ‘பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக அழுகையை அடக்குகிறாள்’ என்று அழகாக இருந்தது. நடிகை அதைப் படித்துவிட்டு மேக்கப் கலைய அழுதாள். கல் மனசுக்காரி என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டேன், "நீயும் பொண்ணுக்காகத்தான் அடக்கிக்கிட்டு இருக்கியா?"

"இல்லண்ணே. ஒண்ணும் தோணல. தோணணும்னு பாக்கறேன், தோணல."

உப்பே இல்லாத சோற்றை அவள் உப்பில்லை என்று தெரியாமல் தின்றுகொண்டிருந்தாள். மரத்துப்போயிருந்தாள், அதுதான் சங்கதி. பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் இருப்பது தெரியாது. அப்படி. ஊசியாவது சாயங்காலம் விட்டுவிடும். இவளுக்கு விடவே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வருஷக்கணக்கில் அழுகைக்கு வசனம் எழுதுகிறவன் நான். என் அண்ணன் செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அண்ணி புலம்பியதில் இரண்டு வரி நீளம் என்று நினைத்தவன். இந்தத் தொழில் அப்படித்தான் ஆளைத் தின்கிறது.

மகள் ஒரே மகள். கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குள் லென்ஸ் பொருத்துகிற வேலையில் இருந்தாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். என் மூக்குக் கண்ணாடியின் காலை எப்போது பார்த்தாலும் பிடுங்கி நிமிர்த்தித் தருவாள். நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணம் ஆனது, அதோடு வேலை நின்றது. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். சத்தமாகப் பேசத் தெரியாது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிற மனுஷன். இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஒரு மத்தியானம் மகள் ஒற்றைப் பையோடு வந்து அம்மா வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காரணம்மா எனக்குச் சொன்னாள்.

"அடிச்சானான்னு கேட்டேன், இல்லங்கறா. குடியான்னு கேட்டேன், தொடவே மாட்டாருங்கறா. மாமியார் ஏதாவது சொன்னாங்களான்னா, அவங்க தங்கமானவங்கங்கறா. வேற பொண்ணு எதுவும் இருக்கான்னு கேட்டேன். ஐயோ அம்மா, அந்த மனுஷனுக்கு லிஃப்ட்டைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு சிரிக்கிறா."

"அப்புறம் என்னவாம்?"

"பிடிக்கலையாம். அங்க இருக்க முடியலையாம். காலையில எழுந்தா மூச்சு முட்டுதாம்."

"எதனால முட்டுது?"

"அதைத்தான் நானும் கேட்டேன். தெரியலம்மாங்கறா." அவள் டப்பாவை மூடினாள். "எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாண்ணே. யார் வந்து கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடும்மா, அது போதும், நான் இங்க இருந்துக்கறேன்னா. சரின்னு சொல்லியிருக்கேன்."

இதுதான் அந்தப் பெண் கேட்டது. பணமோ வக்கீலோ கேட்கவில்லை. தெரியாது என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். பெற்றவள் வாயைத்தான் நம்பி வந்திருந்தாள்.

சொல்வது லேசு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கீழ்வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள் காயப்போடாமல் நின்றாள். செத்துப்போன புருஷனின் அக்கா தினம் போன் செய்தாள், "எங்கிட்ட மட்டும் சொல்லு" என்று. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. காரணம்மா எல்லோரிடமும் தெரியாது, தெரியாது என்றாள். முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார்கள். "பெத்தவளுக்குத் தெரியாதாம். ஊருக்கெல்லாம் காரணம் எழுதறவளுக்கு வீட்டுக்கு எழுதத் தெரியலையாம்" என்று நாத்தனார்க்காரி நக்கலடித்தாளாம். அதையும் அவள் வேறு யாருக்கோ நடந்த மாதிரி என்னிடம் சொன்னாள். நான்தான் கொதித்தேன். கொதித்து என்ன? நானும் உள்ளுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எதனால் முட்டுது?

அந்த வாரம் எங்கள் தொடரில் கதாநாயகி போனாள். வெளியூர்ப் படம். எப்போது திரும்புவாள் என்று தெரியாது. காரணம்மா காலை மடக்கி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கதாநாயகிக்குப் பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசை. புருஷன் என்றோ ஒரு நாள் யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். புருஷன் மேல் உயிரையே வைத்திருப்பதால் அவள் எதிர்த்துப் பேசவில்லை. உள்ளுக்குள் வைத்து வைத்து ஒரு நாள் போய்விடுகிறாள். நல்ல காரணம். அவன் ஒரு வார்த்தை சரி என்று சொல்லிவிட்டால் கழன்றுவிடும்.

அப்போது போன் அடித்தது. சம்பந்தியம்மா. காரணம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேனா கையிலேயே இருந்தது. அந்தப் பக்கம் அந்தம்மா அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "என் பையன் சாப்பிடறதில்ல. அவன் என்ன தப்பு பண்ணான்னு சொல்லிட்டா நாங்க திருத்திக்கறோம். ஒரு வார்த்தை சொல்லுங்க."

காரணம்மா தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

"அவளுக்கு உங்க பையன் மேல உசிருங்க. வேலைக்குப் போகணும்னு அவளுக்கு ஆசை. அவரு என்னிக்கோ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார் போல. யோசிச்சு சொல்லியிருக்க மாட்டார். அவ எதிர்த்துப் பேசல. மனசுக்குள்ளேயே வச்சு வச்சு வந்துட்டா. சொல்லத் தெரியாத பொண்ணுங்க அவ."

பிசிறே இல்லை. ஆசை, தடை, மௌனம், எல்லாம் அதனதன் இடத்தில். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அட, இதுதானா விஷயம், என்று ஒரு நிம்மதிகூட வந்தது. போனை வைத்துவிட்டு அவள் கடைசி வரியை எழுதி முடித்தாள். டீயை எடுத்தாள், குடிக்கவில்லை.

"அண்ணே, நான் இப்ப என்ன சொன்னேன்?"

நான் சொன்னேன். அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தாளில் பாட்டு என்று இருந்த இடத்தில் போனில் வேலை என்று மாற்றியிருந்தாள். மற்றபடி வரிக்கு வரி அதேதான்.

"உடனே போன் பண்ணு. பொய்னு சொல்லு" என்றேன்.

"சொல்றேன்" என்றாள். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவள் களைத்திருந்தாள். இப்போது போன்கள் நின்றுவிட்டன. நாத்தனார்க்காரிகூட, "அட, இதுக்குத்தானா!" என்று அடங்கிவிட்டாளாம். அந்த அமைதியை உடைக்க அவளுக்குக் கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை படி ஏறி வந்தார். கையில் ஹெல்மெட், சட்டையில் கிரீஸ். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாததால் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அத்தை, நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா சொல்லியிருப்பேன். ஏதோ ஒரு நினைப்புல சொல்லியிருப்பேன். என் மேலதான் தப்பு." அவர் கண் கலங்கியிருந்தது. செய்யாத தப்பை அந்த மனுஷன் மூன்று நாளாகத் தேடி, கிடைக்காமல், கிடைத்த மாதிரியே ஒப்புக்கொண்டுவிட்டார். "நானே அவ பழைய கடையில போய்ப் பேசிட்டேன் அத்தை. அடுத்த வாரத்துலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை அம்மா அப்பாவோட வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் கழன்றுவிட்டது.

அவர் இறங்கிப் போகிற சத்தம் அடங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையைத் தட்டினேன். "பொண்ணு வீட்டை விட்டு வந்திருக்கா. அதுக்குப் போய்த் திரும்பிப் போற மாதிரி காரணம் எழுதுவியா? உனக்கு மூளை இருக்கா இல்லையா? குடிக்கிறான்னு சொல்லியிருந்தாக்கூட யாரும் கூட்டிட்டுப் போக வரமாட்டாங்களே!"

"வேற மாதிரி எனக்கு எழுத வராதுண்ணே" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. எனக்குன்னு பேச அங்க யாரும் இல்ல. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா உண்மையைச் சொல்லிடுவேன்."

போனேன். இரண்டு அறை வீடு. முன்னறையில் நான்கு நாற்காலி; ஒன்று கீழ்வீட்டில் வாங்கியது. சம்பந்தியம்மாவும் அவர் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை நாற்காலி இருந்தும் சுவரில் சாய்ந்து நின்றார். என்னை அண்ணன் என்று அறிமுகப்படுத்தினாள். மகள் டீயோடு வந்தாள். என் மூக்குக் கண்ணாடி கோணியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்று சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலைக்குப் போறதுல என்ன இருக்கு? நான் சமைச்சு வைக்கிறேன், நீ பாட்டுக்குப் போயிட்டு வா. இப்படியா மனசுல போட்டுப் பூட்டிக்குவே?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரணம்மா அவளிடமும் சொல்லவில்லை.

"வேலையா?" என்றாள் மகள்.

காரணம்மா வாயைத் திறந்தாள். பரவாயில்லை, திறந்தாள். "அவ அப்படிச் சொல்லலைங்க. நானா இட்டுக்கட்டிச் சொன்னது. மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லல. எல்லாம் பொய்."

சம்பந்தியம்மா சிரித்தார், பாசமாகத்தான் சிரித்தார். "பாத்தீங்களா, பொண்ணு மேல பழி வந்துடக் கூடாதுன்னு தன் மேல போட்டுக்கறாங்க. தாயின்னா இதுதான். உங்க சீரியல்லயும் அந்தப் பொண்ணு பாட்டுக் கத்துக்கக் கூடாதுன்னதும் போயிட்டாளே, நேத்து பாத்துட்டு நான் அழுதுட்டேன். அப்படியே நம்ம வீட்டுக் கதை."

அதற்கு வசனம் எழுதியது நான். டீயைக் குடித்தேன்.

மகள் மெல்லச் சொன்னாள், "எனக்கு அங்க இருக்கப் பிடிக்கல. உங்க யார் மேலயும் தப்பில்ல. எனக்குப் பிடிக்கல. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரர் முதல் தடவையாகப் பேசினார். கெட்ட மனுஷன் இல்லை. "எது பிடிக்கலன்னு சொன்னாத்தானேம்மா சரி பண்ண முடியும்? வேலை விஷயம் சரி பண்ணியாச்சு. வேற என்ன, சொல்லு. ரூம் சின்னதா இருக்கா? வெளிச்சம் பத்தலையா? நீங்க சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு. உங்களுக்குத் தெரியாதா?"

எல்லோரும் காரணம்மாவைப் பார்த்தோம். அவள் விரல்கள் மடியில் எழுதுகிற மாதிரி அசைந்தன. இன்னொரு பத்தி வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"தெரியாதுங்க" என்றாள்.

அடுத்ததாக ஒன்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். மகளும் காத்திருந்தாள். அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். காரணம்மா சொல்லவில்லை. தெரியாது என்ற இடத்தில் நின்றுவிட்டாள். தன் பங்கு முடிந்தது என்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானாவது சொல்லியிருக்கலாம். வெளியாள் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

"அப்புறம் என்ன, கிளம்பும்மா" என்றார் சம்பந்தியம்மா.

மகள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். அழவில்லை. மாப்பிள்ளை ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் முன்னால் இறங்கினார்கள். மகள் படியில் நின்று திரும்பினாள்.

"காரணம் உனக்குத் தெரியலன்னா போகுதும்மா. ‘அவ இங்க இருக்கட்டும்’னு ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

கத்தவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். காரணம்மா உள்ளே வந்து டீ டம்ளர்களைக் கழுவினாள். கீழ்வீட்டு நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் கிளம்பும்போது, "பாத்துப் போங்கண்ணே" என்றாள்.

ஒரு வாரம் வழக்கம்போல வந்து போனாள். நான் மகளைப் பற்றிக் கேட்டால், "கடைக்குப் போறாளாம்" என்பாள். வேறு பேச்சில்லை. பிறகு ஒரு காலை தயாரிப்பாளர் போன் செய்தார். கதாநாயகி நடித்த படம் பாதியில் நின்றுவிட்டதாம், அவள் திரும்பி வருகிறாள். "புருஷன் வீட்டுக்கே கொண்டுவந்துடுங்க. ஏன் வர்றான்னு ஒரு பத்தி, மத்தியானத்துக்குள்ள."

சுலபமான வேலை. புருஷன், பாட்டுக் கற்றுக்கொள் என்கிறான், அவள் வருகிறாள். காரணம்மா செருப்பைக் கழற்றினாள், காலை மடக்கினாள். டீ வந்தது. ஆறியது. ஏடு கட்டியது. என் அனுபவத்தில் அது நடந்ததில்லை. இயக்குநர் படப்பிடிப்பிலிருந்து போனில் கத்தினார். நான் ஸ்பீக்கரைப் போட்டு அவளிடம் நீட்டினேன். "படிங்கம்மா, இங்க லைட் போட்டாச்சு!"

அவள் தாளை எடுத்தாள். ஒரு வரிதான் இருந்தது. படித்தாள்.

"அவளுக்குப் போக வேறு இடம் இல்லை."

"சரி, மேல?"

"அவ்வளவுதான் சார்."

"விளையாடாதீங்க. இதை வச்சு அந்தப் பொண்ணு என்ன நடிக்கும்? வீடுன்னா ஒரு ஆசையோட வரவேண்டாமா? அம்மா வீடுன்னு ஒண்ணு இருக்குமே, அங்கே ஏன் போகலன்னு கேப்பாங்களே!"

காரணம்மாவிடமிருந்து ஏதோ சத்தம் வருகிறதே என்று பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அழத் தெரியாதவள் அழுகிற அழுகை, இருமல் மாதிரி வந்தது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது. டீ கொண்டுவருகிறவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். நான் போனை வாங்கி, "பத்து நிமிஷம் சார்" என்று சொல்லி வைத்தேன். தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் பக்கத்தில் நின்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செருப்பை மாட்டினாள். கைப்பையைத் தேடினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"கூட்டிட்டு வரேண்ணே."

"என்னன்னு சொல்லிக் கூட்டிட்டு வருவே? சும்மா விடுவாங்களா? கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

"யோசிச்சுக்கோ. ஏதாவது ஒண்ணு கையில இருந்தா..." என்று ஆரம்பித்தேன். தொழில் புத்தி. அவள் நான் முடிக்கும்வரை நிற்கவில்லை. படியில் இறங்குகிற சத்தம் வேகமாகக் கேட்டது. இரண்டிரண்டு படியாக இறங்கியிருக்க வேண்டும்.

பத்தியை நானே எழுதிக் கொடுத்தேன். புருஷன் பாட்டு வகுப்பில் பணம் கட்டிவிட்டு ரசீதோடு வந்து நிற்கிறான் என்று ஏதோ கிறுக்கினேன். மட்டமாக இருந்தது. இயக்குநர் திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் என் போன் அடித்தது. சம்பந்தியம்மா. அன்றைக்கு வந்தபோது என் நம்பரை வாங்கி வைத்திருந்தார்.

"அண்ணே, உங்க தங்கச்சி வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடை வாசல்லயே போய் நின்னாங்களாம். அப்புறம் ரெண்டு பேரும் இங்க வந்து துணியை எடுத்துக்கிட்டாங்க. என்ன ஏதுன்னு கேக்கறேன், வாயே திறக்கல. ‘அவ எங்கிட்ட இருக்கட்டும்’னு மட்டும் சொன்னாங்க. நாங்க என்ன குறை வச்சோம்? என் பையன் வேலையிலேர்ந்து வந்தா நான் என்ன சொல்லுவேன்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்களாவது சொல்லுங்கண்ணே, என்ன காரணம்?"

நாலைந்து காரணம் நாக்கு நுனிக்கு வந்தது. ஒவ்வொன்றும் கச்சிதம். ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்தம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

"தெரியாம எப்படிண்ணே?" என்றார். அழ ஆரம்பித்தார். நான் போனை வைக்கவில்லை. அந்தம்மா அழுது முடிக்கும்வரை காதிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.